மாதேஸ்வரன் மலைச் சாரலும் கோடைக்காலக் கூத்தும்: வரலாறும் ஊர்ச் சமூகமும்

காவிரி கருநாடக மலைகளை விட்டுத் தமிழகத்துள் இறங்கும் பகுதிக்கு மேற்கே அமைந்துள்ளது மாதேஸ்வரன் மலை. இன்று இது கருநாடக மாநிலம் சாமராசநகர் மாவட்டத்தின் ஹனூர் வட்டத்தைச் சார்ந்தது. 1997இல் அம்மாவட்டம் பிரிக்கப்படும் வரையில் மைசூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்னர், 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரையில், இம்மலை அடங்கிய கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாகும். ஆட்சி எல்லை இவ்வாறு இருமுறை மாறியும், மலைக்கு வருவோரின் எல்லை மாறவில்லை. சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பாலாற்று வழியாக இன்றும் தமிழ் அடியார்கள் மலையேறுகின்றனர். இம்மாவட்டங்களில் மாதேசன், மாதையன், மாது என்னும் பெயர்கள் மிகுதியாக வழங்குவதே இவ்வுறவின் பழமைக்குப் போதிய சான்றாகும்.

இம்மலையை நடுவாக வைத்து நோக்கின், அதன் மேற்குப் புறத்தில் ஒரு வாய்மொழிக் காப்பிய மரபும், கிழக்குப் புறத்தில் ஒரு நாடக மரபும் நிலைபெற்றிருப்பதைக் காணலாம். முன்னது மாதேஸ்வரன் கதை. பின்னது பங்குனி தொடங்கி ஆனி, ஆடி வரையில் தமிழகத்தின் வட, வடமேற்கு மாவட்டங்களில் இரவு முழுவதும் நிகழும் கூத்து. கூத்து ஏன் கோடையைத் தனக்குரிய பருவமாகக் கொண்டது, அப்பருவத்தில் அது ஊருக்கு என்ன செய்தது, இன்று அப்பருவமே அதற்கு எவ்வாறு இடராகியுள்ளது என்பன இங்கு ஆராயப்பெறுகின்றன.

மலையின் மேற்கே

மாதேஸ்வரன் கதையைப் பாடுவோர் தேவரகுட்டர் எனப்படுவர். கம்சாளெ என்னும் வெண்கலத் தாளக் கருவியைத் தட்டியும் வீசியும் அவர்கள் இரவெல்லாம் பாடுவர். மகாசிவராத்திரி, யுகாதி, தீபாவளி ஆகிய நாள்களில் மலையில் பெருந்திரள் கூடும். கன்னட நாட்டுப்புறவியலாளர்கள் இக்காப்பியத்தைப் பல வடிவங்களில் பதிவு செய்துள்ளனர். பி. கே. இராசசேகரனின் தொகுப்பு 1973இல் வெளிவந்தது. சாகித்திய அகாதெமி வழியாக ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்துள்ளது.

காப்பியத்தின் உட்பகுதிகளுள் சங்கம்மாவின் கதை தமிழ் ஆய்வாளர்க்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. சோலிகர் இனத்து நீலேகௌடன் தேனெடுக்கக் காட்டிற்குச் செல்லுமுன் தன் மனைவி சங்கம்மாவிடம் கற்புக்கு உறுதியாகச் சூளுரைக்கக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். அவளைத் துன்புறுத்திச் சிறைவைத்து அவன் செல்ல, மாதேஸ்வரன் வந்து காத்து, பிள்ளைப்பேறும் அருளுகிறான். கணவனால் இழிவுற்ற ஒரு பெண்ணும் அவளுக்குத் துணை நிற்கும் தெய்வமும் இக்கதையின் மையம். மலைக்குக் கிழக்கே கூத்துக்களத்தில் சபை நடுவே நிற்கும் திரௌபதியும் கணவன்மாரால் பணயம் வைக்கப்பெற்றவளே. அங்குச் சூள் மறுக்கப்படுகிறது. இங்குச் சூள் உரைக்கப்படுகிறது. இரண்டு இடத்தும் கேட்போருள் பெண்களே மிகுதியும் கண்கலங்குவர். இதனைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனக் கூறுதல் பொருந்தாது. ஒரே வகை உழவர், ஆயர் வாழ்க்கை இருமொழியிலும் ஒரே வகைக் கேள்வியை எழுப்பியது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

எனினும் ஒரு வேறுபாடு அடிப்படையானது. மாதேஸ்வரன் மரபில் அடியார் தெய்வத்தை நாடி மலைக்குச் செல்வர். கூத்து மரபில் கதையும் தெய்வமும் ஊருக்கு வருகின்றன. ஊரார் ஊரைவிட்டு நீங்கலாகாது. இவ்வேறுபாடே கூத்தினை ஊர்ச் சமூகத்தின் நிறுவனமாக்கியது. நாடக வடிவை ஒப்பிட வேண்டுமாயின் கம்சாளெயைக் காட்டிலும் பழைய மைசூர்ப் பகுதியின் மூடலபாய யட்சகானமே பொருத்தமானது. திறந்த வெளியில் இரவில் ஆடப்படும் அதன் கனத்த மகுடமும் தோளணியும் தமிழ்க் கூத்தின் கட்டை அணிகளுக்கு மிக அண்மையானவை.

வேனிற்பருவமும் ஆடலும்: பழஞ்சான்றுகள்

வேனிலில் விழாவும் ஆடலும் இணைந்து வருதல் தமிழில் புதிதன்று. சிலப்பதிகாரத்து இந்திர விழா சித்திரைத் திங்களில் நிகழ்வது. மாதவியின் பதினோராடல்கள் அவ்விழாவையொட்டியே கடலாடு காதையில் கூறப்பெறுகின்றன.

கல்வெட்டுச் சான்றுகளுள் தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இரண்டாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு தலையாயது. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்த இது, வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியனுக்கும் அவன் வழியினர்க்கும் ஆண்டுக்கு 120 கலம் நெல் வழங்க ஆணையிடுகிறது. இவ்வளவு எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதில்தான் வரலாற்றுச் செய்தி உள்ளது. நாளொன்றுக்கு ஒரு தூணி என்பது கணக்கு. தூணி நான்கு மரக்கால். கலம் பன்னிரு மரக்கால். 360 நாளுக்கு 120 கலம் ஆகிறது. ஆடுவது வைகாசி விழாவில். படி அளப்பதோ ஆண்டு முழுவதற்கும். கோடையில் ஆடுபவன் ஏனைய மாதங்களிலும் உண்ண வேண்டும் என்பதைச் சோழர் கோயில் நிருவாகம் உணர்ந்திருந்தது. இந்நாடகத்தைப் பற்றி எழுதியோர் பலரும் அதன் கதைப்பொருள் யாதாயிருக்கும் என்பதிலேயே கருத்தைச் செலுத்தினர். கூத்தனின் ஆண்டுப்படி அத்துணைக் கவனம் பெறவில்லை.

பாரதத்தைப் பொதுவிடத்தில் படிக்கச் செய்யும் வழக்கமும் பழமையானது. பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு நிவந்தம் குறிக்கின்றது. வில்லிபுத்தூராரின் பாரதம் பிற்காலத்துப் பிரசங்கத்திற்கும் கூத்திற்கும் அடிப்படை நூலாயிற்று. வில்லி பத்துப் பருவங்களோடு, அதாவது சௌப்திக பருவத்தோடு, நிறுத்துகிறார். ஊர்ப் பாரத விழாவும் பெரும்பாலும் துரியோதனன் வீழ்ச்சி, இளம்பஞ்சவர் மாள்தல், தருமர் பட்டாபிடேகம் என்ற அளவிலேயே முடிவது நோக்கத்தக்கது.

இந்திர விழா, இராசராசேசுவர நாடகம், பாரதக் கூத்து ஆகியவற்றை ஒரே கோட்டில் நிறுத்தி இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி எனக் காட்டும் எழுத்துகள் உண்டு. அவ்வாறு துணிவதற்குச் சான்று போதாது. தொடர்ந்து வந்தது பருவமேயன்றி வடிவமன்று.

கோடை ஏன்?

தருமபுரி, சேலம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் கேழ்வரகும் சோளமும் நிலக்கடலையும் விளைந்து வீடு சேர்ந்தபின் நிலம் வெறுமையாகக் கிடக்கும் காலம் பங்குனி, சித்திரை. வேலை இல்லை, தானியம் உண்டு, களமும் வயலும் காய்ந்து மக்கள் அமர இடமும் உண்டு. பகல் வெயில் கடுமையாதலின் இரவில் விழித்திருப்பது துன்பமாகத் தோன்றாது. கட்டை அணிகளும் பல அடுக்கு ஆடையும் பூண்டு எட்டு மணி நேரம் ஆடுவோர்க்கும் இரவே உகந்தது.

இவை வாய்ப்புகளே. காரணம் மழை. கோடை என்பது கிணறு வற்றும் காலம். அம்மை முதலிய நோய்கள் பரவுவதாக அஞ்சப்பட்ட காலம். மாரியம்மன், காளியம்மன், திரௌபதியம்மன் விழாக்கள் இக்காலத்தில் அமைவது இதனாலேயாம். விராட பருவம் படித்தால் மழை பொழியும் என்னும் நம்பிக்கை தமிழகத்தில் பரவலாக உண்டு. பாண்டவர் மறைந்து வாழும் நாட்டில் பசுமை குன்றாது என்பது அந்நம்பிக்கையின் அடிப்படை. நிரை கவர்தலும் மீட்டலும் நிகழும் மாடுபிடி சண்டைக் கூத்து மாடு வளர்ப்போர் மிகுந்த இப்பகுதியில் விரும்பிக் கேட்கப்பெறுவது இயல்பே. மாதேஸ்வரனும் கால்நடைகளின் நலம் வேண்டி வணங்கப்பெறும் தெய்வம் என்பதை இங்கு இணைத்து எண்ணலாம்.

இதே சித்திரை நிறைமதியை ஒட்டிப் பெங்களூர் தருமராயர் கோயிலில் கரகத் திருவிழா நிகழ்கிறது. அதனை நடத்தும் திகளர் தமிழ் மூலம் உடையோர். திரௌபதியின் கரகத்தைப் பெண்கோலம் பூண்ட ஆடவர் ஒருவர் சுமந்து நகரை வலம் வருவார். அங்குக் கூத்து பின்தங்கி ஊர்வலம் முதன்மை பெற்றது. கடல் கடந்த நாடுகளில் இம்மரபு மேலும் பிரிந்தது. சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் தீமிதி ஐப்பசிக்கு மாறியது. பதினெட்டிரவுக் கூத்து அதனோடு செல்லவில்லை. கோடையும் அறுவடையும் இல்லாத இடத்தில் சடங்கு நிலைக்கலாம், கூத்து நிலைத்தல் அரிது என்பதற்கு இவை சான்றுகள்.

காப்பு முதல் படுகளம் வரை

விழா கொடியேற்றத்தோடும் காப்புக் கட்டுதலோடும் தொடங்கும். காப்புக் கட்டியபின் ஊரார் வெளியூரில் இரவு தங்கலாகாது என்பது வழக்கு. பகலில் பிரசங்கியார் வில்லி பாரதத்தை இசையோடு படித்துப் பொருள் கூறுவார். அப்பகுதி நிறைவுற்ற நாளின் இரவில் அதே நிகழ்ச்சி கூத்தாக வரும். திரௌபதி கல்யாணம், இராசசூய யாகம், துகிலுரிதல், அருச்சுனன் தபசு, கீசக வதம், கிருட்டிணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என வரிசை அமையும். பகலில் செவியால் கேட்டதை இரவில் கண்ணால் காணும் இவ்விரட்டை முறையால் எழுத்தறியாதோரும் பாரதத்தின் நுட்பமான அறச்சிக்கல்களில் வாதிடும் பயிற்சி பெற்றனர். வட மாவட்டங்களில் கர்ணன் பக்கமா அருச்சுனன் பக்கமா என்னும் வழக்கு திண்ணைகளில் நெடுநாள் நடப்பதுண்டு.

சில இரவுகள் களத்தைக் கடந்து ஊரெங்கும் விரியும். பகாசுரன் நாளில் சோறு ஏற்றிய வண்டியில் வீமன் தெருத்தெருவாக வருவான். அருச்சுனன் தபசில் உயர்ந்த கம்பத்தின்மேல் ஏறி வேடதாரி பாடுவார். மேலிருந்து எறியப்படும் பழத்தையும் விபூதிப் பொட்டலத்தையும் பிள்ளைப்பேறு வேண்டிய மகளிர் ஈரத்துணியோடு நின்று மடியில் ஏந்துவர். துகிலுரிதலன்று துச்சாதனன் வேடம் பூண்டவர் சேலையைத் தொடுமுன் சூடம் ஏற்றி வணங்கிப் பிழை பொறுக்க வேண்டுவார். அவர் வேடதாரிதாம் என்பதை அறியாதவர் எவரும் இல்லை. இருப்பினும் களத்தில் அமைதி நிலவும்.

இறுதிநாள் படுகளம். திறந்த வெளியில் துரியோதனனின் பேருருவம் மண்ணால் கிடத்தப்பெறும். காலையில் வீமனும் துரியோதனனும் அதனைச் சுற்றிப் பொருவர். தொடை பிளக்கப்பட, திரௌபதி தன் விரிந்த கூந்தலை முடிப்பாள். மக்கள் அவ்வுருவின் மண்ணை அள்ளி வீட்டிற்கு எடுத்துச் செல்வர். மாலையில் தீமிதி. இங்கு மேடைக்கும் கோயிலுக்கும் ஊருக்கும் எல்லை வகுக்க இயலாது. ஆல்ஃப் ஹில்டெபெய்டல், ரிச்சர்டு பிராசுகா ஆகியோரின் விரிவான ஆய்வுகள் பெரிதும் செஞ்சி, வட ஆர்க்காட்டுப் பகுதிகளைச் சார்ந்தவை. மேட்டூர், பென்னாகரம் வட்டாரங்களுக்கு அத்துணை விரிவான ஆய்வு இன்னும் அமையவில்லை.

வரி, உபயம், மரியாதை

பாரத விழா பெருஞ்செலவு உடையது. பல ஊர்கள் ஆண்டுதோறும் நடத்துவதில்லை. சில ஆண்டு இடைவெளி விட்டே நடத்தும். தலைக்கட்டு வரி, ஒவ்வோர் இரவிற்கும் ஒரு வகையறா அல்லது தெருவினர் ஏற்கும் உபயம், வேண்டுதல் காணிக்கை ஆகியன வருவாய். வரி கொடுத்தவர் ஊரார். வரி வாங்க மறுக்கப்பட்டவர் ஊரார் அல்லர். இதனால் கூத்திற்கான வரிப்பட்டியலே ஊரில் யார் உரிமையுடையவர் என்பதற்கான பட்டியலாகவும் விளங்கியது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் சென்றுவிட்ட தருமபுரி மாவட்டத்தார் விழாவிற்குத் திரும்புவதும் இதனால்தான். பக்தி மட்டும் காரணமன்று. தம் பெயர் பட்டியலில் தொடர வேண்டும் என்பதும் காரணம்.

ஆட்டக்காரர் நிலை வேறு. பண்டு ஊர்ப்பணி செய்யும் சாதியார்க்குக் கூத்தாடுதல் முறைமைக் கடமையாக இருந்ததையும், பின்னர்க் கூலி பேசி ஆடும் தொழிற்குழுக்கள் தோன்றியதையும் ஹன்னே டி புருயின் தம் ஆய்வில் விளக்கியுள்ளார். தெருக்கூத்து என்னும் பெயர் ஊர்வல ஆட்டத்திற்கே உரியது, இரவு முழுதும் ஆடும் நாடகத்திற்குக் கட்டைக்கூத்து என்பதே தக்கது என அவரும் பெ. இராசகோபாலும் வாதிட்டனர். கூத்துப்பட்டறையை நிறுவிய ந. முத்துசாமி, புரிசை கண்ணப்பத் தம்பிரான் மரபை முன்வைத்துத் தெருக்கூத்து என்றே வழங்கினார். இப்பெயர் வழக்கினுள் கலைஞரின் மதிப்புப் பற்றிய வழக்கு மறைந்திருந்தது. தெரு என்னும் சொல் தம்மை இழிவாகக் காட்டுவதாகக் கலைஞருள் ஒரு சாரார் கருதினர்.

வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்தபின் குழு அவ்விரவிற்குக் கட்டுப்பட்டது. ஆட்டத்தின் நடுவே அன்பளிப்புத் தருவோர் பெயரைக் கட்டியங்காரன் கூவி அறிவிக்க வேண்டும். கர்ணன் உயிர்விடும் வேளையிலும் பத்து ரூபாய் தந்தவரின் பெயரும் பாட்டன் பெயரும் ஊர்ப்பெயரும் கூறப்படும். அழகியல் நோக்கில் இதனைக் குறையாகக் கூறுவோர் உளர். ஊரின் நோக்கில் இது ஆட்டத்தின் ஒரு பகுதி. மரியாதை பலர்முன் வழங்கப்பெறும் நேரம்.

அவ்வூர் யாருடையது என்னும் வினா எழும்போது கோடை விழா ஒற்றுமையைக் காட்டுவது போலவே விலக்கத்தையும் காட்டும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதியம்மன் கோயில் விழாவின்போது பட்டியலினத்தார் கோயிலுள் நுழைவது பற்றி எழுந்த மோதல் இதற்குச் சான்று. அவ்வாண்டு சூனில் வருவாய்த் துறையினர் கோயிலை முத்திரையிட்டனர். 2024இல் உயர் நீதிமன்ற ஆணைப்படி நாள்வழிபாட்டிற்காக அது திறக்கப்பெற்றது. திரௌபதிக்குச் சபையில் நீதி கிடைக்கவில்லை என்பதைப் பதினெட்டு இரவு பேசும் மரபு, தன் வாயிலில் நிற்போர்க்கு வழங்கும் நீதியை வைத்தும் மதிப்பிடப்பெறும். கூத்தைச் சமூக ஒருமைப்பாட்டின் கருவி என்று மட்டும் எழுதும் ஆய்வுகள் இவ்விடத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

இரவு பத்து முதல் காலை ஆறு வரை

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. சமய, பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரையில், மாநில அரசு தளர்வு தரலாம். 2005இல் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை உறுதி செய்தது. நகரத்து உறக்கத்திற்காக இயற்றப்பட்ட இவ்விதியின் நேரமும் கூத்தின் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. பத்து மணிக்குக் களரி கூட்டி விடியலில் மங்களம் பாடுவது கூத்து. நள்ளிரவோடு நிறுத்தினால் துகிலுரிதலில் திரௌபதி சபைக்கு வருமுன் ஆட்டம் முடிந்துவிடும். மிருதங்கமும் முகவீணையும் தாளமும் ஒலிபெருக்கி இன்றியே பல தலைமுறை ஒலித்தவைதாம். ஆயின் அருகில் திரைப்பாடலும் மின்னாக்கி இரைச்சலும் மிகுந்த திருவிழாத் திடலில் அது இன்று எளிதன்று. எனவே ஒவ்வோர் ஊரும் காவல் நிலையத்தின் இசைவை நாடி நிற்கிறது. 2019, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் தமிழகத்தில் தேர்தல்களும் ஏப்ரல் மாதத்திலேயே நடைபெற்றன. தேர்தல் நடத்தை விதிகளின் காலமும் கூத்துப் பருவத்தோடு மோதியது.

இவை எல்லாவற்றிலும் கொடியது நோய்த்தொற்றுக் காலம். 2020 மார்ச்சு 25இல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. அது பங்குனித் திங்கள். அடுத்த ஆண்டு நிலைமை சீராகும் என முன்பணம் வாங்கிய நேரத்தில், 2021 ஏப்ரல் 10 முதல் தமிழக அரசு திருவிழாக்களைத் தடை செய்தது. வேறு தொழில்கள் ஆண்டின் சில மாதங்களை இழந்தன. கூத்துக் கலைஞர் இரண்டு ஆண்டுகளின் வருவாயையே இழந்தனர். ஏனெனில் அவர்தம் ஆண்டு என்பது அந்நான்கு மாதமே. 2007இல் அமைக்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் பதிவு பெற்றோர்க்கே உதவ இயன்றது.

இப்பின்னணியில் கோடைக்கு வெளியே கூத்தை நிலைநிறுத்தும் முயற்சிகள் கவனத்திற்குரியன. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கப்பெற்ற கட்டைக்கூத்துக் குருகுலம் பள்ளிக் கல்வியோடு கூத்தும் கற்பித்தது. ஆடவர்க்கே உரியதாயிருந்த களத்தில் பெண்பிள்ளைகளையும் ஆடச் செய்தது. புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக ஆண்டு விழா நடைபெற்று வருகிறது. மாதேஸ்வரன் மலைக்கு மிக அண்மையில் அமைந்தது மேட்டூர் வட்டத்து ஏர்வாடி. அங்கு மணல்வீடு இதழின் ஆசிரியர் மு. ஹரிகிருஷ்ணன் களரி அமைப்பின் வழியாகச் சேலம் பகுதிக் கூத்துக்கும் பாவைக்கூத்துக்கும் இடமளித்தார். அம்மாபேட்டை கணேசன் போன்ற கலைஞர்கள் சிற்றிதழ் வாசகர்க்கு அறிமுகமானது இம்முயற்சியாலேயே. ஊர் வரியால் நிகழும் கூத்தும் ஆர்வலர் நன்கொடையால் நிகழும் கூத்தும் ஒன்றல்ல. முன்னதில் பார்ப்போர் உரிமையுடையோர், பின்னதில் விருந்தினர். இருப்பினும் விடியும் வரை ஆடவும் பார்க்கவும் ஓரிடம் கிடைக்கிறது.

தஞ்சைக் கல்வெட்டில் திருமுதுகுன்றனுக்கு அளக்கப்பட்ட நாள்தூணி நெல்லுக்கு நிகரான ஏற்பாடு இன்றைய கூத்துக் கலைஞர்க்கு இல்லை. ஆனி, ஆடி கடந்து களரி கலைந்தபின் அவர் கூலி வேலைக்கோ நெசவிற்கோ திரும்புகிறார். கட்டை அணிகள் துணியில் சுற்றப்பட்டு அடுத்த பங்குனி வரை பெட்டியில் கிடக்கின்றன.